மாநிலத்தை வென்றவர் யார் என்று கேட்காதீர்கள்

அமெரிக்கக் கட்சிகள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் பிரைமரியில் மக்கள் போடும் வாக்கு, தேசிய மாநாட்டில் யாருக்கு எத்தனை டெலிகேட் (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அங்கே வாக்களிக்கும் பிரதிநிதி) என்பதைத்தான் முடிவு செய்கிறது. இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் முதல் முடிவு வந்ததுமே மறந்துவிட்டு, வரைபடத்தில் எந்த மாநிலம் என்ன நிறம் என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். டெலிகேட் கணக்குப் போடும்போது வரும் கூட்டல் பிழை, பெயர்க் குழப்பம் போன்றவை தானாகத் திருந்திவிடும். தானாகத் திருந்தாத தவறுகள் மட்டும் இங்கே.

மாநில வெற்றியை எண்ணுவது

நான்காண்டுக்கு ஒருமுறை தவறாமல் எரிச்சலூட்டும் தவறு இது. நம் ஊர்த் தேர்தலில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் தொகுதி முழுதாகக் கைக்கு வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு ஜனநாயகக் கட்சியின் பிரைமரியைப் பார்த்தால் எதுவும் புரியாது. அங்கே டெலிகேட்கள் விகிதப்படி பிரிகிறார்கள்.

2008 மார்ச் 4 அன்று ஒஹாயோ, டெக்சஸ், ரோட் ஐலண்ட் ஆகிய மூன்றிலும் ஹிலாரி கிளிண்டன் பிரைமரியில் வென்றார். ஒபாமாவுக்கு வெர்மாண்ட் மட்டும். மறுநாள் தலைப்புச் செய்திகள் ஹிலாரி மீண்டு வந்துவிட்டார் என்றன. டெலிகேட் கணக்கு என்ன சொன்னது? ஒஹாயோவில் ஹிலாரி 74, ஒபாமா 67. ரோட் ஐலண்டில் 13, 8. வெர்மாண்டில் 6, 9. டெக்சஸில் பிரைமரியோடு, கட்சி ஆதரவாளர்கள் நேரில் கூடி முடிவு செய்யும் காகஸ் கூட்டங்களும் நடந்ததால், பிரைமரியில் தோற்ற ஒபாமாவுக்கு மொத்தத்தில் 99, வென்ற ஹிலாரிக்கு 94. நான்கையும் கூட்டினால் 370 டெலிகேட்களில் ஹிலாரிக்குக் கிடைத்த நிகர லாபம் வெறும் 4. மூன்று வாரத்துக்கு முன் விர்ஜினியா என்ற ஒரே மாநிலத்தில் ஒபாமா 54, ஹிலாரி 29. அங்கே மட்டும் 25 லாபம்.

ஏன் இப்படி ஆகிறது? பெரும்பாலான டெலிகேட்கள் தொகுதிவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். தொகுதிக்கு 3, 4, 5, 6 என்று சின்னச் சின்ன எண்ணிக்கை. அந்த எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதே பாதிக் கணக்கு. இரண்டே வேட்பாளர்கள் மோதும் 4 டெலிகேட் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 62 சதவீதம் வாங்கியவருக்கும் 2, 38 சதவீதம் வாங்கியவருக்கும் 2. 62.5-ஐத் தாண்டினால்தான் 3-1. அதுவே 3 டெலிகேட் தொகுதி என்றால் 50-க்கு மேல் ஒரு வாக்கு போதும், 2-1. ஆனால் மூன்றையும் அள்ள 83.3 சதவீதம் வேண்டும். 5 இருந்தால் பாதியைத் தாண்டினால் 3-2, 70-ல் 4-1. 6 இருந்தால் 58.3 வரை 3-3 தான்.

ஆக, 4 டெலிகேட் தொகுதியில் 55 சதவீதத்தில் நிற்பவர் அதை 60 ஆக்கப் பணம் கொட்டினால், வாங்கியது கைதட்டல் மட்டும். அதே பணத்தைப் பக்கத்து 5 டெலிகேட் தொகுதியில் 49-லிருந்து 51-க்கு ஏறப் போட்டிருந்தால் 2-3 என்பது 3-2 ஆகியிருக்கும். தோற்கப்போகும் ஊரைக் கைவிடுவதும் இதே தவறுதான். 4 டெலிகேட் தொகுதியில் 36 சதவீதம் இருந்தால் 1, 38 ஆனால் 2. அந்த 2 சதவீதத்துக்காக ஆள் அனுப்புங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். தொகுதிகளை டெலிகேட் எண்ணிக்கைப்படி அடுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்த டெலிகேட் கிடைக்கும் சதவீதத்தையும், உங்கள் வேட்பாளரின் இன்றைய சதவீதத்தையும் எழுதுங்கள். இடைவெளி 3 புள்ளிக்குள் இருக்கும் தொகுதிகளே களம்.

சின்ன மாநிலம் என்று ஒதுக்குபவர்களுக்கு 2008 பிப்ரவரி 5 போதும். நியூ ஜெர்சியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். ஹிலாரி 59, ஒபாமா 48. ஐடஹோ காகஸுக்கு வந்தவர்கள் சுமார் 21,000 பேர். ஒபாமா 15, ஹிலாரி 3. பெரிய மாநிலம் தந்த லாபம் 11, சின்ன மாநிலம் தந்தது 12. ஐடஹோவில் யாரும் எதிர்த்து வேலை செய்யாததால் வந்த 12 அது.

மாநில சதவீதத்தை மொத்த டெலிகேட்டால் பெருக்குவது

விரிதாளில் ஒரே சூத்திரம் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஜனநாயகக் கட்சியில் ஒவ்வொரு தொகுதியும் தனிக் கணக்கு. மாநில அளவிலான டெலிகேட்களும், கட்சித் தலைவர்கள், பதவியில் இருப்பவர்களுக்கான ஒதுக்கீடும் இன்னும் இரண்டு தனிக் கணக்குகள். டெலிகேட் பெறக் குறைந்தது 15 சதவீத வாக்கு வேண்டும் என்ற வரம்பு தொகுதியிலும் மாநிலத்திலும் தனித்தனியாகப் பொருந்தும். மாநிலத்தில் 13 வாங்கியவர் ஒரு தொகுதியில் 18 வாங்கியிருந்தால் அங்கே அவருக்கு டெலிகேட் உண்டு.

வரம்புக்குக் கீழே இருப்பவர்களின் வாக்கை முதலில் நீக்க வேண்டும். மீதியை நூறாக வைத்துப் பங்கிட வேண்டும். முழு எண்களைக் கொடுத்தபின் மிஞ்சுவது, பெரிய பின்னம் உள்ளவருக்கு. 6 டெலிகேட் தொகுதியில் நால்வர் 44, 28, 14, 14 என்று வாங்கினால் முதலாமவருக்கு 4, இரண்டாமவருக்கு 2. மூன்றாமவர் ஒரே ஒரு புள்ளி ஏறி 44, 28, 15, 13 ஆனால் 3, 2, 1. முன்னணியில் இருப்பவர் ஒரு வாக்கும் இழக்காமல் ஒரு டெலிகேட்டை இழக்கிறார். கடைசி வாரத்தில் மூன்றாமவரைக் கவனிக்காமல் விடுவதன் விலை அது.

இரண்டு கட்சிக்கும் ஒரே விதி என்று நினைப்பது

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. 2016-ல் சவுத் கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம், டெலிகேட் 50-க்கு 50. மாநில அளவில் முதலில் வந்தவருக்கு 29, ஏழு தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முதலில் வந்தவருக்கு 3. ஏழிலும் அவரே முதல். அதே ஆண்டு டெக்சஸில் வரம்பு 20 சதவீதம். 17.7 வாங்கிய மார்க்கோ ரூபியோவுக்கு 155-ல் 3.

இன்னொன்று, குடியரசுக் கட்சி ஒவ்வொரு தொகுதிக்கும் சமமாக 3 டெலிகேட் தருகிறது. குடியரசுக் கட்சியினர் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ள நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் தொகுதிக்கும் 3, அவர்களின் கோட்டையான தொகுதிக்கும் 3. ஒரு டெலிகேட்டுக்கு எத்தனை வாக்கு தேவை என்று பார்த்தால், மலிவான டெலிகேட் எதிர்க்கட்சியின் ஊரில்தான் கிடைக்கிறார். ஜனநாயகக் கட்சியில் நேர்மாறு: தங்களுக்கு அதிகம் வாக்களிக்கும் தொகுதிக்கு அதிக டெலிகேட்.

"150 தானே, பிடித்துவிடலாம்"

இடைவெளியை மட்டும் பார்க்காதீர்கள். மிச்சம் எத்தனை என்று கேளுங்கள். 150 பின்தங்கி, மீதி 1,000 இருந்தால் சமமாவதற்கே 575-425 என்று வெல்ல வேண்டும். விகிதப் பங்கீட்டில் அது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒஹாயோவையே பாருங்கள்: வாக்கில் சுமார் 9 புள்ளி முன்னிலை, 141-ல் லாபம் 7.

பெரும்பான்மை எண் மாறாது என்று நம்புவது

ஜனநாயகக் கட்சியில் வேட்பாளராகத் தேவையான எண் 2008-ல் 2,025 என்றிருந்தது, விதி மீறி முன்கூட்டியே வாக்கெடுப்பு நடத்திய ஃப்ளோரிடா, மிச்சிகன் டெலிகேட்களுக்கு மே 31 அன்று அரை வாக்கு தரப்பட்டதும் 2,118 ஆனது.

சூப்பர் டெலிகேட்டை முதல் நாளிலேயே சேர்ப்பது

பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாத ஜனநாயகக் கட்சித் தலைவர்கள், பதவியில் இருப்பவர்கள்தான் சூப்பர் டெலிகேட்கள். சேர்க்காதீர்கள். போட்டி உள்ள மாநாட்டின் முதல் சுற்றில் அவர்களுக்கு வாக்கில்லை. 2018-ல் விதி மாறிவிட்டது.

கலிஃபோர்னியாவை அன்றிரவே முடிப்பது

தபால் வாக்கு வாரக்கணக்கில் எண்ணப்படும். காத்திருங்கள்.

டெலிகேட் ஓர் ஆள் என்பதை மறப்பது

விரிதாளில் எண்ணாக இருப்பவர் உண்மையில் ஒரு மனிதர். அவரைத் தேடிப் பிடித்து, பெயரைத் தாக்கல் செய்ய வேண்டும். 2016-ல் இல்லினாயில் குடியரசுக் கட்சியின் தொகுதி டெலிகேட்களை வாக்காளர்கள் பெயர் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். டிரம்ப் அணியில் வெளிநாட்டுப் பெயர் போல ஒலித்தவர்களுக்கு, அதே அணியின் மற்றவர்களைவிட வாக்கு குறைந்தது.

தாக்கல் செய்யாமலே விட்டால் இன்னும் மோசம். 2012-ல் விர்ஜினியா வாக்குச்சீட்டில் ஏற 10,000 கையெழுத்து வேண்டும், அதில் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் குறைந்தது 400. மிட் ராம்னி, ரான் பால் இருவர் மட்டுமே தேறினார்கள். அதே ஆண்டு ஒஹாயோவில் ராம்னியிடம் ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றவர் ரிக் சாண்டோரம். அங்கே மூன்று தொகுதிகளில் அவர் தரப்பு டெலிகேட் பெயர்களைத் தாக்கல் செய்யவே இல்லை. தொகுதிக்கு 3 வீதம் 9 டெலிகேட்கள், வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே போய்விட்டார்கள்.