ஷாட் பிடித்த கைக்கு ஃப்ளை ராட்: டர்பன்காரர்களுக்கு முதல் பாடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கடலுக்குள் நீளும் பியரிலும் பாறையிலும் நின்று ஷாட் (shad) என்ற கடல் மீனைப் பிடித்தே வளர்ந்தவர்களுக்கு மீன்பிடியில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. அலை பார்க்கத் தெரியும், முடிச்சுப் போடத் தெரியும், நாலு மணிக்கு எழுந்து கிளம்பவும் தெரியும். பூச்சி போலக் கட்டிய முள்ளை, அதாவது ஃப்ளையை, வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்கு வரும்போது அவர்களுக்குத் தடையாக நிற்பது ஒன்றே ஒன்றுதான்: தோளில் இருக்கும் பலம். அதை எப்படிக் கீழே இறக்கி வைப்பது என்பதுதான் இந்தப் பதிவின் பெரும்பகுதி.

கடலில் நாம் வீசுவது ஈயக்குண்டை. நூறு கிராமுக்கு மேல் கனம் உள்ள சிங்கர் பறந்து போகும், நூல் அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளையில் சிங்கரே கிடையாது. முனையில் இருப்பது இறகும் மயிரும் சுற்றிய ஒரு சின்னத் தூண்டில் முள்; அதை ஊதினாலே பறந்துவிடும். கனம் முழுவதும் தடித்த லைனில் இருக்கிறது. லைனை அதன் கனத்தை வைத்து எண்ணால் சொல்வார்கள்; ஐந்தாம் எண் லைனின் முதல் ஒன்பது மீட்டர் எடை சுமார் 9 கிராம். அந்த 9 கிராமைக் காற்றில் நீட்டி விட்டால் போதும், ஃப்ளை தானாகப் போய் இறங்கும். இதற்குப் பலம் எதற்கு?

என்ன வாங்குவது

ஒன்பது அடி நீளமுள்ள ஐந்தாம் எண் ராட் (தூண்டில் கழி), அதற்குப் பொருந்தும் ரீல், மிதக்கும் வகை ஐந்தாம் எண் லைன். ராடும் லைனும் ஒரே எண்ணில் இருக்கவேண்டும், இதில் சமரசம் வேண்டாம். செலவு செய்வதானால் லைனில் செய்யுங்கள். நன்னீரில் ரீல் பெரும்பாலும் நூலைச் சுற்றி வைக்கும் பெட்டிதான். பழையது கிடைத்தாலும் போதும். கடலுக்கு வைத்திருக்கும் ராட் எதுவும் இதற்கு உதவாது.

லைனின் முனையில் ஒன்பது அடி லீடர். அடியில் தடித்து நுனியில் மெலியும், கண்ணாடி போலத் தெரியும் நூல் அது. நுனி மெலிவை 4எக்ஸ், 5எக்ஸ் என்று சொல்வார்கள். எண் ஏற ஏற நூல் மெலியும், முதலில் எல்லோரும் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார்கள். 4எக்ஸ் கிட்டத்தட்ட 0.18 மில்லிமீட்டர், ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

ஃப்ளைகளில் மூன்று வகை போதும். தண்ணீருக்குள் இழுக்க, இறகு வால் வைத்த வூலி பக்கர், கறுப்பிலும் ஆலிவ் பச்சையிலும். நாணல் ஓரத்துக்கு ஊசித்தட்டானின் குஞ்சு போலக் கட்டிய டாம்சல் நிம்ஃப். மேலே மிதக்க டிடிடி. இந்த மூன்றாவது நம்ம ஊர்ச் சரக்கு: குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் டார்கிள் பக்கம் பிறந்தது, மான் மயிரில் கட்டுவது. 'டக்வொர்த்ஸ் டார்கிள் டிலைட்' என்பதன் சுருக்கம் அந்தப் பெயர்.

கண்ணாடியும் தொப்பியும் மறக்கவே கூடாது. முள் உங்கள் காது ஓரமாகத்தான் போய்வரும்.

தண்ணீருக்குப் போகும் முன்: புல்லில் பழகுங்கள்

பக்கத்து மைதானம் போதும். சிமென்ட் தரை வேண்டாம், லைன் தேய்ந்துவிடும். முள்ளைக் கட்டாமல் லீடர் முனையில் ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். ராட் நுனியைத் தாண்டி எட்டு மீட்டர் லைனை எதிரே நேராக விரித்துப் போடுங்கள்.

ராடைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மேலே இருக்கட்டும். நுனியைத் தரையை நோக்கித் தாழ்த்துங்கள். அங்கிருந்து மெதுவாகத் தூக்க ஆரம்பித்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, ராட் தலைக்கு மேலே சற்றுப் பின்னால் சாய்ந்ததும் சட்டென்று நிறுத்துங்கள். கடிகாரமாக நினைத்தால், முள் ஒன்றைத் தொடும் இடம்.

இப்போது சும்மா இருங்கள்.

எல்லோரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பின்னால் போகும் லைன் நேராக நீள ஒரு நொடி வேண்டும். கடலில் வீசிப் பழகிய கை அந்த நொடியைத் தராது. உடனே முன்னே தள்ளும். தள்ளினால் பின்னால் சாட்டை மாதிரி 'பட்' என்று சத்தம் கேட்கும். முள் கட்டியிருந்தால் அது அறுந்து போயிருக்கும். பொறுக்க முடியவில்லையா? தலையைத் திருப்பிப் பின்னால் போகும் லைனைக் கண்ணால் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பல வருடம் பழகியவர்களும் பார்ப்பார்கள். லைன் நீண்டதும் ராடை முன்னே கொண்டுவந்து பத்து மணி இடத்தில் நிறுத்துங்கள். லைன் தலைக்கு மேலே வளையமாக உருண்டு போய் விரியும். விரிந்த பிறகு நுனியைத் தாழ்த்துங்கள்.

வளையம் அகலமாகக் குடை போல விரிந்தால் மணிக்கட்டு மடிகிறது என்று அர்த்தம். நீளக்கைச் சட்டை போட்டு, ராடின் அடிப்பகுதியைக் கைப்பட்டிக்குள் செருகிக்கொண்டு வீசிப் பாருங்கள். மணிக்கட்டு தானாக அடங்கும். லீடரில் தானே முடிச்சு விழுகிறதென்றால் திடீரென்று பலம் போட்டுவிட்டீர்கள். கை வலித்தாலும் அதே காரணம்தான். அப்புறம் ஒன்று, ஒரே நாளில் நாள் முழுவதும் பழகாதீர்கள். தினமும் கால் மணி நேரம் நல்லது.

முதல் மீன்: ட்ரௌட் வேண்டாம்

ஃப்ளை என்றாலே ட்ரௌட் என்பார்கள். ட்ரௌட் இந்த மண்ணின் மீன் அல்ல. 1890-இல் பிரிட்டனிலிருந்து முட்டையாக வந்து, பொரித்த குஞ்சுகளை மூயி, புஷ்மன்ஸ், உம்கேனி ஆறுகளில் விட்டார்கள். அதற்கு முப்பது வருடம் முன்பே இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்ததும் டர்பன் குடாவில் வலை போட்டுப் பிழைத்த நம்மவர்கள் இங்கே இருந்தார்கள். ஆனாலும் ட்ரௌட் திரியும் மலையடிவாரப் பண்ணை அணைகள் வெகுகாலம் நமக்கு எட்டாத இடமாகத்தான் இருந்தன. இன்று கட்டணம் கட்டினால் யாரும் போகலாம். போங்கள். ஆனால் முதலில் புளூகில்.

பண்ணை அணைகள் பலவற்றில் உள்ளங்கை அளவு புளூகில் கூட்டமாகத் திரியும். பசியும் ஆர்வமும் அதிகம், சந்தேகம் குறைவு. மூங்கில் கழியில் புழு கட்டிப் பிள்ளைகள் பிடிக்கும் மீன்தான். வாய் சிறியது, ஆகவே 12 அல்லது 14 அளவு முள்ளில் சின்ன நிம்ஃப் போதும். எட்டு மீட்டர் வீசத் தெரிந்தால் மீன் உறுதி என்றே சொல்வேன்.

வீசியதும் லைனை ராட் பிடித்த கையின் ஆள்காட்டி விரலுக்கு அடியில் கொண்டுவாருங்கள். மறு கையால் அதன் பின்னாலிருந்து விரற்கடை விரற்கடையாக இழுங்கள். ரீலைச் சுற்றத் தேவையில்லை. இழுத்த லைன் காலடியில் கிடக்கட்டும். எங்காவது கனத்தால், லைனை விரலால் அழுத்திக்கொண்டு ராடை மெல்லத் தூக்குங்கள். ஷாடுக்கு அடிப்பது போல ஓங்கி அடித்தால் 4எக்ஸ் தாங்காது.

கிளம்பும் முன் குறட்டால் முள்ளின் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். மீனை விடுவதும் எளிது, உங்கள் காதில் மாட்டினால் எடுப்பதும் எளிது. மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். அடிவயிற்றை அழுத்தாமல் தண்ணீருக்குள்ளேயே பிடித்து, அது தானாக நழுவும்வரை விடுங்கள்.

எங்கே, எப்போது

ட்ரௌட் குளிரை விரும்பும் மீன். நாட்டிங்காம் ரோடு (ஊர்ப் பெயர்தான்), கம்பெர்க், ஹிமெவில், அண்டர்பெர்க் பக்கத்து அணைகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். விடியலில் ராடின் வளையங்களில் பனி உறையும். அதற்குத் தயாராகப் போங்கள். ஆறுகளில் ட்ரௌட் பருவம் செப்டம்பர் முதல் தேதி திறக்கும், மே கடைசியில் மூடும். திறந்த கொஞ்ச நாளில் புரட்டாசி வந்துவிடும். வீட்டில் கவிச்சி இல்லாத அந்த மாதத்தில் ஆற்றுக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுவதும் பாவம் என்று எங்கள் பக்கத்துப் பாட்டிகள் சொல்வார்கள். அதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் ட்ரௌட்டை விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் போராடிய மீன், விட்டாலும் பிழைப்பது கடினம். அப்போது ஸ்கேலி தேடுங்கள். நேட்டால் ஆறுகளின் சொந்தக்காரன், பொன்னிறம், ட்ரௌட்டை விட முரட்டு இழுப்பு. உம்கோமாஸ் ஆற்றில் தெளிந்த தண்ணீர் ஓடும்போது, கனமான நிம்ஃபை நீரோட்டத்துக்கு எதிராக மேலே வீசி, ஓட்டத்தோடு உருண்டு வரவிடுங்கள். நீங்கள் இழுக்கவே கூடாது. லைன் நுனி நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ தூக்குங்கள்.

கடலோரத் தாழ்நிலத்து ஆறுகளில் பில்ஹார்சியா (தண்ணீரிலிருந்து தோல் வழியாகத் தொற்றும் ஒட்டுண்ணி நோய்) உண்டு, அங்கே காலை நனைக்காமல் கரையிலிருந்தே வீசுங்கள். உயரப் புல்லில் பஃப் ஆடர் என்ற விஷப்பாம்பு படுத்திருக்கும், பூட்ஸ் போடுங்கள். எல்லாவற்றையும் விட இடிதான் ஆபத்து. டிராகன்ஸ்பெர்க் மலைப் பக்கம் கோடை மதியங்களில் மேகம் நிமிடத்தில் கூடும். கார்பன் ராட் மின்னலை வாங்கும். முதல் இடி கேட்டதும் ராடைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்காருங்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்தான்.

நன்னீர் மீன்பிடி உரிமத்தை மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோ கேசெட்என் வைல்ட்லைஃபிடம் வாங்க வேண்டும். கடலுக்கு வாங்கியது இங்கே செல்லாது. பண்ணையில் நுழையும் முன் அனுமதி கேளுங்கள். மூடியிருந்த கதவை மூடியபடியும் திறந்திருந்ததைத் திறந்தபடியும் விட்டு வாருங்கள்.

சில அணைகளில் ஒன்றிரண்டு ட்ரௌட்டை எடுத்துப்போக விடுவார்கள். புளி ஊற்றிக் கறி வைக்காதீர்கள், சதை கரைந்துவிடும். கறிக்கு ஷாட்தான் சரி. ட்ரௌட்டுக்கு மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி, தோலோடு கல்லில் போட்டு எடுங்கள்.