பூச்சு ஏறிய மரவேலையின் நிறத்தை மாற்றுவது எப்படி

உட்புறக் கதவு, நிலை, சன்னல் சட்டம், படிக்கட்டுக் கைப்பிடி ஆகியவற்றின் நிறத்தை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த ஸ்டெயினை (மரத்துக்கு நிறமூட்டும் பூச்சை) வாங்குவது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன்பாக, இப்போதுள்ள நிறத்தைவிட அடர்ந்த நிறம் வேண்டுமா, வெளிறிய நிறம் வேண்டுமா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அடர்நிறத்துக்குப் போவதானால் பழைய பூச்சை உரிக்க வேண்டியதில்லை. வெளிர்நிறம் வேண்டுமானால் வெறும் மரம் தெரியும்வரை இறங்கியே ஆக வேண்டும். இரண்டுக்கும் ஆகும் உழைப்பில் பெரிய வேறுபாடு உண்டு.

சாதாரண ஸ்டெயின் மரத்தின் நுண்துளைகளுக்குள் ஊறித்தான் நிறம் தருகிறது. வார்னிஷும் பாலிஷும் அந்தத் துளைகளை முன்பே அடைத்துவிட்டதால், அவற்றின் மேல் பூசப்படும் ஸ்டெயின் உள்ளே போக வழியின்றி மேற்பரப்பிலேயே பிசுபிசுவென்று நின்று, பிறகு நகம் பட்ட இடமெல்லாம் உரிந்து வரும்.

பழைய பூச்சு எது என்பதைக் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்து அறியலாம். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துச் சிறிது நேரம் வைத்தெடுக்கும்போது பூச்சு கரைந்து ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு மட்டும் கரைந்தால் அது லாக்கர் என்னும் விரைவில் உலரும் பளபளப்புப் பூச்சு. இரண்டுக்கும் கரையாதது பெரும்பாலும் வார்னிஷாகவோ பாலியூரித்தேனாகவோ இருக்கும். அரக்குப் பாலிஷ் என்று தெரிந்தால், உரிக்க நேரும்போது ஸ்பிரிட்டே போதும். பூச்சை இளக்கும் கடுமையான வேதி உரிப்பானை வாங்க வேண்டியதில்லை.

அடர்நிறத்துக்கு மாற்றும்போது வேலையின் பாதி சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றிப் படிந்த கைப்பிசுக்கைச் சோப்புநீரால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மெழுகு இருந்தால் டர்பன்டைனால் எடுத்துவிட்டு, 220 எண் உப்புத்தாளால் மரவரியின் போக்கிலேயே லேசாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு ஒரே சீராக மங்கினால் போதும். பழைய நிறம் போகும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. தூசியைத் துடைத்தபின் கதவை வெளிச்சத்துக்குச் சாய்வாக நின்று பாருங்கள்: பள்ளங்களிலும் கடைசல் விளிம்புகளிலும் மின்னும் புள்ளிகள் தெரிந்தால் அங்கே தாள் படவில்லை என்று பொருள்.

இதன்மேல் பூச ஏற்றது ஜெல் ஸ்டெயின். அது கெட்டியாக இருப்பதால் மரத்துக்குள் ஊறாமலேயே மெல்லிய நிறப்படலமாக நிற்கும். முதலில் நடுப்பலகை, அடுத்துக் குறுக்குச் சட்டங்கள், கடைசியாக நெடுஞ்சட்டங்கள் என்ற வரிசையில் பூசினால், மூட்டுகளில் படும் குறுக்குக் கோடுகளை அடுத்த சட்டத்தின் பூச்சு மறைத்துவிடும். தடிப்பான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகளே நல்லவை. இடையே ஒரு முழு நாளாவது, ஈரக்காற்றுள்ள பருவத்தில் அதற்கும் மேலாக, உலரவிட வேண்டும். நிறம் கலந்த வார்னிஷ் ஒரே வேலையில் முடிந்துவிடும் என்று தோன்றினாலும், தூரிகை இரண்டாம் முறை பட்ட இடமெல்லாம் கறுத்துத் தெரியும் என்பதால் பெரிய பரப்புக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிர்நிறம் வேண்டுவோர் உரிப்பான் கொண்டு பூச்சை இளக்கி, முனை மழுங்கிய தகட்டால் மரவரியோடு வழித்தெடுக்க வேண்டும். மெத்திலீன் குளோரைடு கலந்த உரிப்பான்களின் ஆவி மூடிய அறையில் உயிரையே பறித்திருக்கிறது. வேறு வகையை வாங்கி, சன்னல்களைத் திறந்துவைத்தே வேலை செய்யுங்கள். பிறகு 120, 150, 180 என்ற வரிசையில் உப்புத்தாள் போட வேண்டும். கதவு வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டியதாக இருந்தால் அந்த மேல்தாள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தேய்க்கும் இயந்திரத்தை ஓரிடத்தில் சற்று நிறுத்தினாலே அடிப்பலகை தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் துளைகளில் பழைய நிறம் தங்கியிருக்கலாம். கரைந்து ஊறிய சாயவகை நிறமானால் குளோரின் பிளீச்சுக்கு வெளுக்கும். இரும்பு பட்ட கருங்கறை ஆக்ஸாலிக் அமிலத்துக்குப் போகும். மரத்தின் இயல்பான நிறத்தையே குறைப்பதற்குக் காரமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்ட இருபகுதி வெளுப்பான் வேண்டும். இவற்றை ஒன்றோடொன்று கலப்பது ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கரையாத நிறமித் துகள்களோ எதற்கும் வெளுப்பதில்லை. அந்நிலையில் வெளிர்நிற ஆசையை விட்டு, நடுத்தரமான ஒரு நிறத்தில் நிற்பதே விவேகம்.

புதிய நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அடியிலுள்ள நிறமும் கலந்தே தெரியும் என்பதை மறக்கக் கூடாது. செம்மை தூக்கலாக உள்ள மரத்தில் பச்சைச் சாயலுள்ள பழுப்பும், ஆரஞ்சு தூக்கலாக உள்ளதில் நீலச் சாயலுள்ள சாம்பற்பழுப்பும் அந்தத் தூக்கலை அடக்கும். மாதிரியைக் கதவின் மேல்விளிம்பிலோ அலமாரியின் உட்பக்கத்திலோ பூசி, நிறத்தைக் காக்க அதன்மேல் போடும் தெளிவான மேற்பூச்சும் போட்ட பிறகே பகலிலும் விளக்கொளியிலும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மேற்பூச்சு நிறத்தை ஆழமாக்கிவிடும். எண்ணெய்வகை மேற்பூச்சு காலப்போக்கில் மஞ்சளிக்கும். நீர்வகை அவ்வளவாக மஞ்சளிக்காது. எண்ணெய்வகை ஸ்டெயின்மேல் நீர்வகையைப் போடுவதானால், அடிப்பூச்சு முழுதும் உலர்ந்த பின் மெழுகு நீக்கிய அரக்கை இடையில் ஒருமுறை பூசுவது பாதுகாப்பு. நீர்வகைப் பூச்சுகளுக்கிடையே இரும்புக் கம்பளியால் தேய்த்தால் துரும்புகள் சிக்கித் துருப்புள்ளிகள் எழும்.

எண்ணெய்வகை ஸ்டெயினைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். உலரும்போது எழும் வெப்பம் வெளியேற முடியாமல் அது தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்து உலர்த்திய பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிட்டது என்று கதவை உடனே இறுக்கிச் சாத்தக் கூடாது. பூச்சு உள்ளே கெட்டிப்படச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் இறுகச் சாத்தினால் கதவின் விளிம்பு நிலையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது புதிய நிறத்தைப் பெயர்த்தெடுத்துவிடும். ஏற்கெனவே இறுக்கமான கதவானால், பூசுவதற்கு முன்பே அந்த விளிம்பை உப்புத்தாளால் சற்றுக் குறைத்துவிடுங்கள்.