ஜார்ஜ், லென்னி, பத்து ஏக்கர் நிலம்: ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ 1937-இல் வெளிவந்தது. ஒரே நாளில் படித்து முடித்துவிடக்கூடிய சின்ன நாவல். சின்னது என்பதாலோ என்னவோ, அதைப் பற்றி எழுதுபவர்கள் அவசரப்பட்டுவிடுகிறார்கள். தேர்வு எழுதும் மாணவர்களிடமும், ஆசையோடு படித்துவிட்டு எழுதுபவர்களிடமும் அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைப் பேசும்போது கதையின் முடிவையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இன்னும் படிக்காதவர்கள் நாவலை முடித்துவிட்டு இங்கே வருவது நல்லது.

பண்ணை பண்ணையாக வேலை தேடி அலையும் கூலிகளான ஜார்ஜும் லென்னியும் உறவினர்கள் என்று எழுதிவிடாதீர்கள். அது ஜார்ஜ் சொல்லும் பொய். பெரிய உடம்பும் குழந்தை மனதும் கொண்ட லென்னிக்காக ஜார்ஜ் ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறான், இவன் கூலியை அவன் பிடுங்கிக்கொள்கிறானோ என்று பண்ணை முதலாளி சந்தேகப்படுகிறார். அவரைச் சமாளிக்கத்தான் இந்த உறவுக் கதை. அப்புறம் கோவேறு கழுதை வண்டி ஓட்டும் ஸ்லிம்மிடம் உண்மையைச் சொல்கிறான். இருவரும் ஆபர்ன் ஊர்க்காரர்கள். லென்னியை வளர்த்த கிளாரா அத்தை இறந்ததும் அவன் ஜார்ஜோடு வேலைக்குக் கிளம்பிவிட்டான், அவ்வளவுதான்.

இதை விட்டுவிட்டால் அந்த நட்பின் அருமையே தெரியாமல் போய்விடும். ரத்த உறவு என்றால் கடமை என்று சொல்லிவிடலாம். இங்கே அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த உரையாடலில் ஜார்ஜ் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறான். ஆரம்பத்தில் லென்னியைக் கிண்டல் செய்வதே அவனுக்கு வேடிக்கை. ஒருநாள் சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில், சுற்றி நின்றவர்களுக்குப் பெருமை காட்ட ‘குதி’ என்றானாம். நீச்சல் தெரியாத லென்னி குதித்துவிட்டான். கரையேற்றுவதற்குள் மூழ்கும் நிலைமை. வெளியே வந்தவன் தன்னைக் காப்பாற்றியதற்காக ஜார்ஜுக்கு நன்றி சொல்கிறான்! குதிக்கச் சொன்னதே ஜார்ஜ்தான் என்பது அவனுக்கு மறந்தே போய்விட்டது. அன்றோடு ஜார்ஜ் அந்த விளையாட்டை நிறுத்திவிட்டான். இவர்கள் நட்பைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதில்லை. எனக்கு நாவலின் அடிவேரே இங்கேதான் இருப்பதாகப் படுகிறது. ஜார்ஜ் பிறவியிலேயே நல்லவன் இல்லை. வெட்கப்பட்டு, அதிலிருந்து பொறுப்புக்கு வந்தவன்.

காலத்தைப் பற்றிய தவறு ஒன்று. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சி, புழுதிப் புயல், ஓக்லஹோமாவிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்ட மக்கள் என்று நீளமாக எழுதிவிட்டு, ‘அப்படி வந்தவர்கள்தான் ஜார்ஜும் லென்னியும்’ என்று முடிப்பார்கள். அந்தக் குடும்பங்களின் கதை 1939-இல் வந்த ஸ்டைன்பெக்கின் இன்னொரு நாவலான ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’. இவர்கள் கலிபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்த தனி ஆட்கள். படுக்கையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அறுவடை நடக்கும் இடமெல்லாம் அலைகிற கூட்டம் அது. பெருமந்தம் என்ற அந்தப் பொருளாதார நெருக்கடிக்கு முன்பும் இருந்தது. ஸ்டைன்பெக்கே இளைஞராக இருந்தபோது அவர்களோடு பண்ணைகளில் வேலை செய்திருக்கிறார். அதனால்தான் வேலைச்சீட்டு, பஸ் டிக்கெட், படுக்கையில் பேன் இருக்குமோ என்ற பயம் என்று எல்லாம் இவ்வளவு துல்லியமாக வருகின்றன. பெருமந்தத்தின் நெருக்கடி கதை முழுக்க இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை.

தலைப்பையும் லென்னியின் பையில் இருக்கும் செத்த எலியோடு மட்டும் முடிச்சுப் போட வேண்டாம். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தது அது. உழும்போது கலப்பையில் சிக்கி எலியின் கூடு சிதைந்துவிடுகிறது, எலிகளும் மனிதர்களும் போடும் திட்டங்கள் இப்படித்தான் அடிக்கடி குலைந்துபோகின்றன என்று அதைப் பார்த்து உழவன் பேசுகிறான்.

சரி, முக்கியமான தவறுக்கு வருகிறேன். ‘ஏழைகளின் எட்டாத கனவு’, ‘வெறும் கற்பனை’ என்று, ஜார்ஜும் லென்னியும் வாங்க ஆசைப்படும் நிலத்தைத் தள்ளிவிடுவது. தயவுசெய்து கணக்குப் போட்டுப் பாருங்கள். நாவலில் கணக்கு தெளிவாகவே இருக்கிறது.

பத்து ஏக்கர் நிலம், சின்ன வீடு, கோழிக்கூண்டு, முயல்களுக்குக் குதிரைமசால் விதைக்க ஒரு துண்டு இடம். விலை 600 டாலர். மாதக் கூலி 50 டாலர் என்பதால் இருவருக்கும் அது மலைதான். ஆனால் பண்ணையைக் கூட்டித் துப்புரவு செய்யும் முதியவர் கேண்டி இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தப் பண்ணையில் ஒரு கையை இழந்ததற்காக அவருக்குக் கிடைத்த 250 டாலர் இருக்கிறது. வங்கியில் இன்னும் 50. மாத முடிவில் கூலி 50. ஆக 350. ஜார்ஜும் லென்னியும் ஒரு மாதம் செலவே செய்யாமல் இருந்தால் 100. மொத்தம் 450 ஆகிவிடுகிறது. மீதி 150-ஐ ஜார்ஜ் வெளியே வேலை பார்த்து அடைத்துவிடலாம், மற்ற இருவரும் போய் முட்டை விற்று நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. முன்பணம் 100 டாலர் அனுப்புவது வரை பேச்சு போகிறது. அந்த நொடியில் மூவரும் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களே நம்பாத ஒன்று கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

இந்தக் கணக்கில் ஒரு கசப்பும் இருக்கிறது. நிலம் ஏன் இவ்வளவு மலிவு? அதை வைத்திருக்கும் வயதான தம்பதி நொடித்துப்போய்விட்டார்கள், அந்த அம்மாவுக்கு அறுவைசிகிச்சை செய்தாக வேண்டும். ஒரு வீட்டின் கஷ்டம்தான் இன்னொருவருக்கு வாசலைத் திறக்கிறது. ஒரே வரியில் கடந்துபோகும் இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, லாயத்தில் வேலை செய்யும் கறுப்பினத் தொழிலாளி குரூக்ஸ். நிலக் கனவோடு வந்த நூற்றுக்கணக்கான ஆட்களைப் பார்த்திருக்கிறேன், ஒருவனுக்கும் கிடைத்ததில்லை என்கிறார் அவர். பலரும் இதைக் கட்டுரையின் முடிவுரையாக வைத்துவிடுகிறார்கள். பக்கத்தைத் திருப்பினால், பணம் உண்மையாகவே இருக்கிறது என்று கேட்டதும், சாப்பாடு போட்டால் போதும் நானும் வந்து உழைக்கிறேன் என்கிறார் இதே குரூக்ஸ். முதலாளி மகன் கர்லியின் மனைவி வந்து, ஒரு வார்த்தை சொன்னால் உன்னை மரத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள் என்று மிரட்டிய பிறகுதான், சும்மா சொன்னேன் என்று பின்வாங்குகிறார். நம்பிக்கை அற்றவர் என்று அவரை எழுதுவது அநியாயம். நம்பினார், அதை மிரட்டிப் பிடுங்கினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு நாவலில் பெயரே இல்லை. ஆண்கள் அவளைக் கூப்பிடும் கெட்ட வார்த்தைகளையே ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. ஹாலிவுட்டில் சேர்த்துவிடுவதாகச் சொன்னவனின் கடிதம் வரவே இல்லை. அம்மாதான் அதை எடுத்து ஒளித்துவிட்டாள் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிறு மதியம் வைக்கோல் கொட்டகையில் அவள் தன் சினிமாவைப் பற்றியும் லென்னி தன் முயல்களைப் பற்றியும் பேசுகிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் ஏறவில்லை. அதற்காக அவளை வெறும் அப்பாவி ஆக்கிவிடவும் கூடாது. குரூக்ஸை மிரட்டியதும் அவள்தான்.

இனி முடிவு. ‘நாயைக் கொன்றது போலவே லென்னியையும் கொன்றார்கள், இரண்டும் கருணைக்கொலை’ என்பது எல்லோருக்கும் வசதியான வாக்கியம். அந்த நாய்க் காட்சியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கேண்டியின் கிழட்டு நாயைச் சுட்டுவிடக் கார்ல்சன் வெளியே கூட்டிப்போகிறான். தலையின் பின்பக்கம் சுட்டால் வலியே தெரியாது என்று முன்பே இடம் காட்டியிருக்கிறான். கொட்டகையில் யாராலும் பேச முடியவில்லை. தரைப் பலகைக்கு அடியில் ஏதோ சுரண்டும் சத்தம். ஜார்ஜ் பதற்றத்தோடு சீட்டுக்கட்டைக் கலைக்கிறான். வெடிச்சத்தம் கேட்கிறது. கேண்டி மெல்லத் திரும்பி, சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்கிறார். பிறகு ஜார்ஜிடம் சொல்கிறார்: என் நாயை நானே சுட்டிருக்க வேண்டும், வேறு ஒருவனிடம் விட்டிருக்கக் கூடாது.

ஆக, ஒப்பிட வேண்டியது நாயையும் லென்னியையும் அல்ல, கேண்டியையும் ஜார்ஜையும்தான். லென்னியின் கையில் சிக்கிக் கர்லியின் மனைவி இறந்துவிட்டாள், கர்லியின் கும்பல் அவனை வேட்டையாடக் கிளம்பிவிட்டது. பிடித்துக் கூண்டில் அடைத்தாலும் நன்றாக இருக்காது என்று ஸ்லிம்மும் சொல்லிவிட்டார். அதே கார்ல்சனின் லூகர் துப்பாக்கியோடு, ஆற்றுக்கு அக்கரையைப் பார்க்கச் சொல்லி, நிலத்தைப் பற்றியும் முயல்களைப் பற்றியும் பேசிக்கொண்டே ஜார்ஜ் சுடுகிறான். இது கருணையா கொலையா என்று ஒரு வார்த்தையில் அடைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவன் கை நடுங்கியதை ஆசிரியர் எழுதியிருக்கிறார், அதைத் தாண்டி எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. கர்லியின் மனைவி இறந்துகிடப்பதைப் பார்த்ததும் கேண்டி கேட்கிறார்: நாம் இரண்டு பேருமாவது அந்த இடத்தை வாங்கலாம்தானே? நியாயமான கேள்விதான். அவருடைய 350 டாலரில் பெரும்பங்கு அப்படியே இருக்கிறது. விலை ஏறவில்லை. குறைவது லென்னியின் ஒரு மாதக் கூலி 50 டாலர் மட்டும். ஆனால் ஜார்ஜ், இனிமேல் மாதக் கடைசியில் கூலியை வாங்கி ஒரே இரவில் தொலைத்துவிடுவேன் என்கிறான். ஆரம்பத்திலிருந்தே இது நடக்காது என்று எனக்குத் தெரியும் என்றும் சொல்கிறான். அந்தத் துக்கத்தில் வந்த பேச்சை நாவலின் தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள். முயல்களைப் பற்றி மறுபடியும் சொல்லு, ஜார்ஜ் என்று கேட்பதற்கு இனி ஆள் இருக்கப்போவதில்லை, அதுதான் அவனுக்குத் தெரிந்துவிட்டது.