தேக்கை வளைத்து ஒட்டுமுன் துடையுங்கள்

ரங்கூனில் தேக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாற்காலியின் வளைந்த கையை ஒரே கட்டையில் அறுத்தெடுத்தால் நார் வெட்டுப்பட்டு, அந்த இடத்தில்தான் முறியும். 2, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டைகளாக அறுத்து, பசை தடவி, வளைந்த அச்சில் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குவதே நல்லது. பசை இல்லாமல் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். முரண்டு பிடித்தால் இன்னும் இழையுங்கள்.

தேக்கில் இயற்கையான எண்ணெய் அதிகம், பட்டைகள் பிரிவது பெரும்பாலும் அதனால்தான். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் என்ற கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் பழுப்புக் கறை ஏறும்; அது குறையும்வரை விடாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

சாதாரண வெள்ளைப் பசை நாளடைவில் நழுவிக்கொடுக்கும். எபாக்ஸி என்ற, இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை பிடித்தால் விடாது. ஒரு நாள் முழுக்க கிளாம்பைத் தொடாதீர்கள். கழற்றியதும் வளைவு கொஞ்சம் விரியும், ஆகவே அச்சையே சற்றுக் கூடுதலாக வளைத்துச் செய்துகொள்ளுங்கள்.