பதின்வயதுப் பிள்ளையோடு கனடா: எந்த ஊரில் குடியேறுவது?

பிஆர் எனும் நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்ததும் வீட்டில் எழும் கேள்விகள் இரண்டு: வேலை எங்கே கிடைக்கும், தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதென்றால் இவையே போதும். பதினைந்து வயதென்றால் போதாது. பன்னிரண்டாம் கிரேடு முடிய எத்தனை செமஸ்டர் மீதியிருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் மாகாணம், பள்ளி, வீடு என்ற வரிசையில் முடிவெடுக்க வேண்டும். பலரும் வீட்டை முதலில் பிடித்துவிட்டுப் பள்ளியைத் தேடுகிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

டொரோன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கிரேடு, அதாவது வகுப்பு, பிறந்த ஆண்டை வைத்து வருகிறது. ஜனவரியில் பிறந்தாலும் டிசம்பரில் பிறந்தாலும் 14 வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரில் ஒன்பதாம் கிரேடு. நம் ஊர்க் கணக்கு இப்படியில்லை. 2010 நவம்பரில் பிறந்து, 2026 ஏப்ரலில் பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைக்கு அந்தச் செப்டம்பரில் பதினொன்றாம் கிரேடு. கணக்கு சரியாக வருகிறது. 2010 மார்ச்சில் பிறந்த பிள்ளை ஓராண்டு முன்னதாகப் பள்ளியில் சேர்ந்து, பிளஸ் ஒன் முடித்திருக்கும். வயதுப்படி பார்த்தால் அதற்கும் பதினொன்றாம் கிரேடுதான். ‘ஒரு வருஷம் வீணாகிறதே’ என்று பெற்றோர் பதறுவார்கள். பதற வேண்டாம். புதிய மொழிநடைக்கும் பாடமுறைக்கும் பழக அந்த ஆண்டு கைகொடுக்கும். பிளஸ் டூ பாதியில் இருக்கும் பிள்ளையைக் கிளப்புவதுதான் உண்மையில் சிக்கல். முடிந்தால் அதை இங்கேயே முடிக்கவிட்டு, நேராகக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.

அடுத்து மாகாணம். கனடாவில் கல்வி மாகாண அரசுகளின் கையில் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் நிபந்தனைகளும் மாறிவிடும். ஒன்டாரியோவில் பள்ளிப்படிப்பு முடிக்க 30 கிரெடிட் (ஒரு பாடத்தில் தேறினால் பொதுவாக ஒரு கிரெடிட்), 40 மணி நேரச் சமூகசேவை, ஓர் எழுத்தறிவுத் தேர்வு. நம் ஊர் பொதுத்தேர்வு போன்ற ஒன்று இல்லை. மதிப்பெண்ணில் 70 சதவீதம் ஆண்டு முழுக்கச் செய்யும் வேலைக்கு, 30 சதவீதம் கடைசி மதிப்பீட்டுக்கு. கடைசி மாதம் உட்கார்ந்து படித்துத் தூக்கிவிடலாம் என்ற பழக்கம் அங்கே பலிக்காது. ஆல்பர்ட்டாவில் பன்னிரண்டாம் கிரேடின் முக்கியப் பாடங்களுக்கு மாகாணத் தேர்வு உண்டு. அதற்கு 30 சதவீதம். தேர்வில் மின்னும் பிள்ளைக்கு கல்கரி, எட்மன்டன் ஒத்துவரும். வாடகை டொரோன்டோவைவிடக் குறைவு, மாகாண விற்பனை வரியும் இல்லை. ஆனால் அங்கே சோஷியல் ஸ்டடீஸ் கட்டாயம். ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரைகள் எழுத வேண்டிய பாடம் அது. கணக்கில் நூறு வாங்கும் பிள்ளையும் திணறும் இடம்.

மான்ட்ரியால் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கியூபெக்கில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியேறி வருவோரின் பிள்ளைகள் பொதுவாக பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். பிரெஞ்சு தெரியாத பதினைந்து வயதுப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது அதன்மீது ஏற்றும் பெரும் சுமை. சொந்தபந்தம் எத்தனை பேர் அங்கிருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

இனி, எந்த மாதம் போய் இறங்குவது என்பது. ஒன்டாரியோவின் பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு செமஸ்டருக்கு நான்கே பாடங்கள். முதல் செமஸ்டர் செப்டம்பர் முதல் வாரத்திலும் இரண்டாவது பிப்ரவரி தொடக்கத்திலும் ஆரம்பமாகும். மார்ச்சிலோ நவம்பரிலோ போய் இறங்கினால் நான்கு பாடமும் பாதி ஓடியிருக்கும். அந்தக் கிரெடிட்டுகள் கிடைப்பது கடினம். ஆகஸ்ட் முதல் வாரம் இறங்குவதே நல்லது. தவறினால் ஜனவரி நடுவில். பயணச்சீட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று அக்டோபரில் கிளம்பாதீர்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்க, அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் போர்டின் தளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் எந்தப் பள்ளி என்று காட்டும். டொரோன்டோ வட்டாரத்தில், ஸ்கார்பரோ டொரோன்டோ போர்டில் வரும், மார்க்கம் யார்க் ரீஜியனில், பிராம்ப்டனும் மிசிசாகாவும் பீலில். அரசு நிதியில் இயங்கும் கத்தோலிக்க போர்டுகளின் மேல்நிலைப் பள்ளிகளில் மற்ற மதத்தவரும் சேரலாம். தரவரிசைப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் அந்தப் பகுதியின் வருமானமும் பாதி தெரிகிறது. அதைவிடப் பயனுள்ளது பள்ளியின் பாடப்பட்டியல். பொறியியலுக்குப் போக வேண்டுமானால் பன்னிரண்டாம் கிரேடில் ஆங்கிலம், அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ் என்ற கணக்குப் பாடம், கால்குலஸ், இயற்பியல், வேதியியல் ஐந்தும் ‘யு’ வகையில் இருக்க வேண்டும். ‘யு’ பல்கலைக்கழகத்துக்கு, ‘சி’ தொழில் டிப்ளமா தரும் கல்லூரிக்கு. ஒன்டாரியோ பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பன்னிரண்டாம் கிரேடின் சிறந்த ஆறு பாடங்களை வைத்தே இடம் தருகின்றன. சிறிய பள்ளிகளில் இயற்பியல் ஒரே ஒரு செமஸ்டரில்தான் நடக்கும்; அதே நேரத்தில் கால்குலஸ் வைத்துவிட்டால் இரண்டில் ஒன்று போயிற்று. ‘இந்த ஐந்தும் இரண்டு செமஸ்டரிலும் உண்டா?’ என்று பள்ளியில் பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் கைடன்ஸ் அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

சேர்க்கையின்போது போர்டின் மையத்தில் ஆங்கிலமும் கணக்கும் சோதிப்பார்கள். பிள்ளை கூச்சத்தில் பேசாமல் இருந்துவிட்டால் ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் கீழ்நிலையில் போட்டுவிடுவார்கள். அந்த வகுப்புகள் கெடுதல் அல்ல. அவற்றில் மூன்று கிரெடிட் வரை கட்டாய ஆங்கிலக் கணக்கில் சேரும். ஆனால் ஆங்கிலத்தைக் காரணம் காட்டி கணக்கையும் ‘சி’ வகைக்குத் தள்ளினால் சம்மதிக்காதீர்கள். பதினொன்றாம் கிரேடு கணக்கு ‘சி’யில் போனால் கால்குலஸ் கதவு மூடிவிடும். பத்தாம் வகுப்பு கணக்கு நோட்டையும் பாடப்புத்தகத்தையும் கூட எடுத்துப்போய் மேசையில் வையுங்கள். இருபடிச் சமன்பாடும் முக்கோணவியலும் போட்ட பக்கங்களைக் காட்டினால் பேச்சே மாறும்.

இதெல்லாம் தெரிந்த பிறகே வீடு. முதல் மாதம் தற்காலிக அறை எடுங்கள், ஆனால் அந்த முகவரியில் பள்ளி சேர்க்காதீர்கள். இடம் மாறினால் பள்ளியும் மாறக்கூடும். ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் முதல் மாத வாடகையோடு முன்பணமாகக் கடைசி மாத வாடகையை மட்டுமே கேட்கலாம். ஆறு மாதம் முன்பணம் கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது. பேஸ்மென்ட் எனும் அடித்தள வீடு எடுத்தால், லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) முகவரியும் உங்கள் பெயரும் எழுத்தில் இருக்கட்டும். பள்ளி கேட்பது அதைத்தான்.

வீடு பார்க்கப் போன அன்று வெயிலில் பள்ளிக்கு இருபது நிமிட நடை இனிமையாகத்தான் இருக்கும். பிப்ரவரியில், மைனஸ் இருபதில், பஸ் தவறிய காலை எட்டு மணியை நினைத்துப் பாருங்கள். ஸ்கார்பரோவில் பழைய வரைபடத்தை நம்ப வேண்டாம். ஆர்டி ரயில் 2023 ஜூலையில் நின்றுபோய், அந்தத் தடத்தில் பஸ்தான் ஓடுகிறது. மார்க்கம் பஸ்ஸிலிருந்து டொரோன்டோ பஸ்ஸுக்கு மாறினால் 2024 பிப்ரவரி முதல் இரண்டாவது கட்டணம் இல்லை. எல்லையோரம் வீடு தேடுவோருக்கு இது உதவும்.

தமிழுக்கும் இடமிருக்கிறது. டொரோன்டோ, யார்க், பீல் பகுதிகளில் தமிழை மேல்நிலைப் பள்ளி கிரெடிட்டாகவே படிக்கலாம். தெரிந்த மொழியில் ஒரு நல்ல மதிப்பெண் கிடைப்பதும், அங்கே நட்பு கிடைப்பதும் முதல் ஆண்டுத் தனிமைக்கு மருந்து.

காகிதங்களை இங்கிருந்தே சேகரியுங்கள்: ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலும், மாற்றுச் சான்றிதழும், தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும். ஒன்பதும் பத்தும் முடித்திருந்தால் 16 கிரெடிட் வரை தலைமையாசிரியர் சமமாக ஏற்கலாம்; பட்டியல் இல்லையென்றால் அதுவும் இல்லை. தடுப்பூசி அட்டையில் தட்டம்மை–பொன்னுக்கு வீங்கி–ரூபெல்லா இரண்டு தவணை, மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கு எதிரான மெனிங்கோகாக்கல், 2010இலோ அதற்குப் பின்னோ பிறந்தால் சின்னம்மை எல்லாம் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் மெனிங்கோகாக்கல் பெரும்பாலும் போடுவதில்லை. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டு, தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள்.