ட்ரெக்கிங் பேக் லைட்டா வேணும்னா எப்படி பாத்து வாங்குறது

பேக்கை கடைசியா வாங்குங்க. முதல்ல ட்ரெக்குக்கு எடுத்துட்டுப் போற சாமான் எல்லாத்தையும் தரையில பரப்பி எடை போடுங்க, தண்ணியையும் சேத்து, ஒரு லிட்டர்னா ஒரு கிலோ, நிறைய பேர் இதை கணக்குலயே எடுக்குறதில்ல.

பேக்கோட கொள்ளளவை லிட்டர்லதான் சொல்வாங்க. கோவை பக்கத்துல ஏழு மலை ஏறணுமே, அந்த வெள்ளியங்கிரி மாதிரி ராத்திரி ஏறி காலையில இறங்குற மலைக்கு 20 லிட்டர் பேக் தாராளம். ஸ்வெட்டர், டார்ச், ரெண்டு பாட்டில் தண்ணி, கடலைமிட்டாய், அவ்ளோதான். 60 லிட்டர் வாங்கினா இடம் இருக்கேன்னு எதையாவது திணிப்போம், ஏழாவது மலையில மூச்சு வாங்கும். டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் தூக்கிட்டு ரெண்டு நாள் போறவங்களுக்கு 40, 50 லிட்டர் போதும்.

பெரிய பேக் சிலது காலியாவே 2 கிலோ இருக்கும், லைட்வெயிட்ல ஒரு கிலோ பக்கத்துல கிடைக்கும். ஆனா எடையை மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க, ரொம்ப லைட்டான பேக்ல முதுகுப் பக்கம் விறைப்பா நிக்க வைக்கிற ஃப்ரேம் இருக்காது, இடுப்பு பெல்ட் வெறும் நாடாவா இருக்கும், அதுல 12 கிலோவ ஏத்தினா மொத்தமும் தோள்லதான் தொங்கும். அரை கிலோ கூட இருந்தாலும் நல்ல பெல்ட் இருக்கறதையே எடுங்க, நான் அப்படித்தான் சொல்வேன்.

இதைவிட முக்கியம் முதுகு அளவு. தலையை குனிஞ்சா கழுத்துக்குப் பின்னாடி துருத்திட்டு நிக்கும் பாருங்க ஒரு எலும்பு, அங்கருந்து இடுப்பெலும்போட மேல் விளிம்பு வரைக்கும் யாரையாவது டேப் வெச்சு அளக்கச் சொல்லுங்க. உயரமா இருக்கறவங்களுக்கு முதுகும் நீளமா இருக்கணும்னு இல்ல, அதனால ஹைட்டை வெச்சு சைஸ் எடுக்காதீங்க. பொண்ணுங்களுக்குன்னு தனியா வர்ற மாடல்ல பட்டையும் பெல்ட்டும் வேற வளைவுல இருக்கும், அதையும் போட்டுப் பாருங்க.

மழைக்கு ரெயின் கவரை மட்டும் நம்ப வேணாம், முதுகுப் பக்கமா தண்ணி இறங்கிடும், மாத்துத் துணியை உள்ள தண்ணி புகாத ட்ரை பேக்ல போட்டுடுங்க.

ஆன்லைன்ல வாங்கினா டேக்கை கிழிக்காம வீட்லயே உங்க சாமானைப் போட்டு, முதல்ல பெல்ட்டை வயித்துல இல்லாம இடுப்பெலும்பு மேல இறுக்கி, அப்புறமா தோள் பட்டையை இழுத்து, அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்க, தோள் வலிச்சா ரிட்டர்ன் பண்ணிடுங்க.