பரிந்துரை எழுதும் முன்: சமூகப் பணியில் முடிவுக்கு வரும் முறை

தனியே வசிக்கும் 78 வயது மூதாட்டி ஒருவர் ஒரே மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்குள் விழுந்துவிட்டார். அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது, உடனே முதியோர் இல்லத்தில் சேர்த்தாக வேண்டும் என்கிறார் மகன். இந்த வீட்டை விட்டு எங்கும் வர மாட்டேன் என்கிறார் தாய். இருவரையும் கேட்டறிந்து பரிந்துரை எழுத வேண்டியவர் சமூகப் பணியாளர். இது நான் புனைந்த எடுத்துக்காட்டுதான். ஆனால் இந்தப் பணிக்கு வரும் எவரும் இதைப் போன்ற ஒன்றைச் சீக்கிரமே சந்திப்பார் என்பதால், முடிவெடுக்கும் முறையை இதை வைத்தே விளக்குகிறேன்.

முதல் வீட்டுச் சந்திப்பு முடிந்தவுடன், குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீங்கள் கண்டதும் கேட்டதும். வலப்பக்கம் அவற்றிலிருந்து நீங்கள் நினைத்துக்கொண்டது. ‘மறதி அதிகம்’ என்பது வலப்பக்கத்துக்கு உரியது. ‘அடுப்பின் மேல் அடிபிடித்த பால் பாத்திரம் இருந்தது, மாத்திரை அட்டையில் மூன்று நாள் மாத்திரைகள் பிரிக்கப்படாமல் இருந்தன, கிழமையைக் கேட்டபோது சரியாகச் சொன்னார்’ என்பவை இடப்பக்கத்துக்கு உரியவை. பிறர் சொன்னதை எழுதும்போது, யார் சொன்னார், அவர் அதைத் தாமே பார்த்தாரா, கேள்விப்பட்டாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தனிநபர் சமூகப் பணிக்கு முறையான வடிவம் தந்த மேரி ரிச்மண்ட், 1917ஆம் ஆண்டிலேயே, நேரில் காணும் சான்றையும் ஒருவர் வாய்மொழியாகத் தரும் சான்றையும் வேறுபடுத்தி, சொல்பவரின் திறனையும் சார்பையும் எடைபோட வேண்டும் என்று வலியுறுத்தினார். மகன் பொய் சொல்கிறார் என்பதல்ல இதன் பொருள். பல இரவுகள் தொலைபேசி அழைப்புக்குப் பயந்து உறங்காமல் கிடந்த ஒருவர், தாயின் சிறிய தடுமாற்றத்தையும் பெரிதாகவே காண்பார். அந்தக் களைப்பும் உண்மையானது, அதுவும் இடப்பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

அடுத்த கட்டத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன. இங்கே அவசரப்படவே கூடாது. மனத்தில் முதலில் தோன்றிய விளக்கம் வலுவாக ஒட்டிக்கொள்ளும். பின்னர் வரும் தகவல்களையெல்லாம் அதற்கு ஏற்றபடியே நாம் படிக்கத் தொடங்குவோம். பிரிட்டனில் 1973 முதல் 1994 வரை வெளியான, குழந்தைகள் மீதான கொடுமை பற்றிய 45 விசாரணை அறிக்கைகளை ஆராய்ந்த எய்லீன் மன்றோ, புதிய தகவல் கிடைத்த பிறகும் பணியாளர்கள் தங்கள் முதல் மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளத் தயங்கியதை 1999இல் எடுத்துக்காட்டினார். அவர்கள் அக்கறையற்றவர்களாக இருந்ததால் மட்டும் நேர்ந்த பிழை அல்ல அது. மனித மனம் இயங்கும் விதமே அப்படி. ஆகவே நல்லெண்ணத்தை நம்பியிராமல், இந்தப் பிழைக்கு எதிரான ஒரு பழக்கத்தை வலிந்து ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

அந்தப் பழக்கம் இதுதான்: முதல் விளக்கத்தோடு நின்றுவிடாமல், குறைந்தது இன்னும் இரண்டு விளக்கங்களை எழுதுங்கள். மூதாட்டி விழுந்ததற்கு மறதிநோய் காரணமாக இருக்கலாம். இரத்த அழுத்த மாத்திரையால், எழுந்து நின்றவுடன் தலைசுற்றல் வந்திருக்கலாம். பார்வை மங்கியிருக்கலாம், குளியலறைத் தரை வழுக்கியிருக்கலாம். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டால் திடீரென்று மனக்குழப்பம் வரக்கூடும், அது சிகிச்சையால் நீங்கவும் கூடும். மாத்திரைகளைத் தொடாமல் விட்டது மறதியால் அல்லாமல், வாழ்க்கையில் பிடிப்பு விட்டுப்போன மனச்சோர்வாலும் இருக்கலாம். ஒவ்வொரு விளக்கத்தின் கீழும் ஒரு கேள்வி எழுதுங்கள்: இது தவறாக இருந்தால் நான் எதைக் காண்பேன்? எந்த நேரத்தில், எந்த இடத்தில், எழுந்தபோதா நடந்தபோதா விழுந்தார் என்று அவரிடமே கேட்டால், பாதி விளக்கங்கள் உதிர்ந்துவிடும். மீதியை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்; நோயை உறுதிசெய்வது நம் வேலை அல்ல, சரியான கேள்வியோடு மருத்துவரிடம் அனுப்புவதே நம் வேலை.

ஆபத்து மதிப்பீட்டுப் படிவங்கள் இருந்தால் பயன்படுத்துங்கள். அவை தரும் மதிப்பெண் ஒரு தகவல்தான், முடிவு அல்ல.

இதுவரை சொன்னது உண்மையைக் கண்டறியும் வேலை. அறநெறி பற்றிய கேள்வி இதற்குப் பிறகு தனியாக வருவதில்லை. ‘மறதி’ என்று எழுதிய அந்த நொடியிலேயே ஒருவரின் உரிமையைத் தொட்டுவிடுகிறோம். முடிவெடுக்கும் திறன் அவருக்கு இருக்கிறதா என்ற கேள்வியைப் பொதுவாகக் கேட்கக் கூடாது. வங்கிக் கணக்கை நிர்வகிக்க முடியாத ஒருவர், எங்கே வாழ விரும்புகிறார் என்பதைத் தெளிவாகத் தீர்மானிக்கக்கூடும். குறிப்பிட்ட இந்த முடிவைப் பொறுத்து நான்கைப் பாருங்கள்: சொல்லப்படும் தகவலைப் புரிந்துகொள்கிறாரா, அது தமக்குப் பொருந்துவதை உணர்கிறாரா, சாதக பாதகங்களை எடைபோடுகிறாரா, தம் விருப்பத்தை வெளிப்படுத்துகிறாரா. ‘மறுபடி விழுந்து, உதவிக்கு யாரும் இல்லாமல் போனால்?’ என்று கேளுங்கள். ‘தெரியும், ஆனாலும் என் வீட்டிலேயே இருந்து போகிறேன்’ என்று அவர் சொன்னால், அது நமக்குப் பிடிக்காத விடையாக இருக்கலாம். திறனற்ற விடை அல்ல. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், விவேகமற்றதாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டுமே ஒருவரைத் திறனற்றவராகக் கருதக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எந்த நாட்டில் பணியாற்றினாலும் இந்த வரியை மனத்தில் வைத்திருக்கலாம்.

அவருடைய விருப்பமும் பாதுகாப்பும் மோதும்போது எதை முன்னால் வைப்பது? நெறிமுறைத் தொகுப்புகளில் ஆயத்தமான விடை கிடைக்காது; அமெரிக்கச் சமூகப் பணியாளர் சங்கத்தின் தொகுப்பு, முரண்படும் விழுமியங்களில் எது மேலானது என்று தான் வரையறுக்கவில்லை என்பதைத் தானே கூறிவிடுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் அதற்கே முதலிடம். அது இல்லாத இடத்தில், சுதந்திரத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியை முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கைப்பிடி பொருத்துவதும், மாத்திரைகளை மருத்துவரைக் கொண்டு மறுபரிசீலனை செய்விப்பதும், தினமும் ஒருவர் வந்து பார்ப்பதும் முயலப்படாத நிலையில், முதியோர் இல்லத்தைப் பரிந்துரைக்க நமக்கு நியாயம் இல்லை.

இரகசியத்தின் எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ‘நீங்கள் சொல்வது என்னிடமே இருக்கும்; ஆனால் உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ கடுமையான ஆபத்து என்று தெரிந்தால் நான் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும்’ என்பது போன்ற எளிய சொற்கள் போதும். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் டாராசாஃப் வழக்கில், தம்மிடம் சிகிச்சை பெறுபவரால் ஆபத்துக்குள்ளாகக் கூடியவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை மனநலச் சிகிச்சையாளருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்தக் கடமையின் அளவு நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், உங்கள் சட்டத்தைப் பணியில் சேர்ந்த வாரத்திலேயே படித்துவிடுங்கள். நெருக்கடி வந்த இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது. எல்லையை முன்பே சொல்லாமல் பிறகு மீறினால், அது சட்டப்படி சரியாக இருந்தாலும் அவருக்குத் துரோகமாகவே படும்.

மேற்பார்வையாளரிடம் போகும்போது ‘நான் செய்தது சரிதானே’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி ‘ஆம்’ என்ற பதிலையே வேண்டுகிறது. ‘நான் எதைப் பார்க்கத் தவறினேன்?’ என்று கேளுங்கள். மகன்மீது எரிச்சல் வந்ததென்றால், மூதாட்டியைப் பார்த்து உங்கள் பாட்டியின் நினைவு வந்ததென்றால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த உணர்வு உங்கள் எடைபோடுதலில் ஏற்கெனவே கலந்திருக்கும்.

கோப்பில் முடிவை மட்டும் எழுதினால் போதாது. எந்த வழிகளை எண்ணிப் பார்த்தீர்கள், எதை ஏன் விட்டீர்கள், யாரைக் கலந்தீர்கள், எது நடந்தால் இந்த முடிவை மாற்றுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். ‘ஆறு வாரங்களுக்கு வீட்டிலேயே ஆதரவு, இதற்குள் மீண்டும் விழுந்தாலோ, அடுப்பு அணைக்கப்படாமல் கிடந்தாலோ உடனே மறுமதிப்பீடு’ என்று நிபந்தனையும் தேதியும் இருக்கட்டும். பிறகு பரிந்துரையை மூதாட்டியிடமே வாசித்துக் காட்டுங்கள். ‘இரண்டாவது தடவை நான் விழவில்லை, கால் வலித்ததால் உட்கார்ந்தேன்’ என்று அவர் திருத்தினால், அந்த வரியை அவர் சொற்களிலேயே கோப்பில் சேர்த்துவிட்டு, இடப்பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படியுங்கள்.